பிசிஓஎஸ், தைராய்டு, ஐந்து சப்ளிமென்ட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை நிறுத்தலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. வயது 27, எடை 68 கிலோ, உயரம் 158 செ.மீ. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறது, மாதவிடாய் 50, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. தைராய்டு குறைவுக்குத் தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை. அதோடு முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10,000 மைக்ரோகிராம், மன அழுத்தத்துக்கு அஸ்வகந்தா, பிசிஓஎஸ்ஸுக்கு இனோசிட்டால் பொடி, வாரம் ஒரு வைட்டமின் டி 60,000 யூனிட், தினம் இரண்டு வேளை புதினா டீ. சோற்றை விட்டுவிட்டு கம்பங்கூழும் கேழ்வரகுக் கஞ்சியும் குடிக்கிறீர்கள். உப்புக்குப் பதில் இந்துப்பு. ஒரு வருடம் முன்பு 4.1 ஆக இருந்த டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்), போன மாதம் 0.2 என்று வந்திருக்கிறது. அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள். ஹார்மோனைச் சமன் செய்யும் உணவு எது, இந்த மாத்திரைகளில் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உணவு ஆலோசகர். ஹார்மோன் பிரச்சினையோடு வருபவர்களோடுதான் என் வேலை. உணவைப் பற்றிப் பேசும் முன் அந்த 0.2-ஐப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அவசரமான விஷயம் அதுதான்.

அந்த எண் பொய்யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிறைய லேப்களில் ஹார்மோன் பரிசோதனைக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்துத்தான் அளக்கின்றன. உடம்புக்குத் தேவையான பயோட்டின் ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது அதைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். ரத்தத்தில் இவ்வளவு பயோட்டின் மிதக்கும்போது கருவி குழம்பிவிடும்: டிஎஸ்எச் குறைந்ததுபோலவும், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 கூடியதுபோலவும் காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்க்கும் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை தவறாகக் குறைந்து காட்டியதில் ஒருவர் இறந்ததையும் அந்த எச்சரிக்கை குறிப்பிடுகிறது.

இது தைராய்டோடு நிற்பதில்லை. இதே முறையில் அளக்கும் லேப்பில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாகத் தெரியலாம், சினைப்பையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் குறைவாகத் தெரியலாம், வைட்டமின் டி உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியலாம். ஆக, பயோட்டின் ஆரம்பித்த பிறகு எடுத்த ஹார்மோன் ரிப்போர்ட் எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லா லேப் கருவிகளும் இப்படிப் பாதிக்கப்படுவதில்லை. உங்கள் லேப் எந்த முறையில் அளக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள்.

அஸ்வகந்தா வேறு மாதிரி. பயோட்டின் ரிப்போர்ட்டில் வரும் எண்ணை மட்டும் மாற்றும். அஸ்வகந்தா சிலருக்குத் தைராய்டு ஹார்மோனையே உண்மையில் கூட்டிவிடும். அதை எடுத்தவர்களுக்குத் தைராய்டு எகிறி, படபடப்போடு மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுபவர் அதைச் சேர்த்தால் இரண்டும் ஒரே திசையில் தள்ளும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. பயோட்டினையும் அஸ்வகந்தாவையும் இன்றே நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டும் பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இடைவெளி 2 நாள். உங்கள் அளவுக்கு ஒரு வாரம் விடுவது நல்லது. எண் ஒரே வாரத்தில் இயல்புக்கு வந்துவிட்டால் குற்றவாளி பயோட்டின்தான். அப்போதும் குறைவாகவே இருந்தால் அஸ்வகந்தாவோ மாத்திரை அளவோ காரணமாக இருக்கலாம். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டிஎஸ்எச் மெதுவாகத்தான் நகரும், அதற்கு அவ்வளவு நாள் கொடுத்தாக வேண்டும். இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தைராய்டு மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

அஸ்வகந்தாவைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது, கல்லீரல். மஞ்சள் காமாலையோடு வந்தவர்களிடம் விசாரித்தால் அஸ்வகந்தா மாத்திரை என்று தெரியவந்த நிகழ்வுகள் பல நாடுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பதிவாகியிருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் ஊர் மூலிகை, பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கும் புரிகிறது. ஆனால் வைத்தியர் நாடி பார்த்து, இத்தனை நாளைக்கு என்று சொல்லிக் கொடுத்த சூரணமும், செறிவூட்டிய சாறாக டப்பாவில் வந்து மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையும் ஒன்றாகாது.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் உதவுவது பயோட்டின் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு மட்டும்தான். அது மிக அரிது. உங்களுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: தைராய்டு, பிசிஓஎஸ்ஸில் கூடும் ஆண் ஹார்மோன், இரும்புச்சத்துக் குறைவு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள்.

சரி, உணவுக்கு வருவோம்.

ஹார்மோனைச் சமன் செய்யும் உணவு என்று தனியாக ஒன்று கிடையாது. உணவு நேரடியாக, வேளைக்கு வேளை, பெரிய அளவில் ஏற்றி இறக்கும் ஹார்மோன் இன்சுலின்தான். பிசிஓஎஸ்ஸில் மற்ற ஹார்மோன்களை உணவு தொடுவதும் பெரும்பாலும் இன்சுலின் வழியாகத்தான். இது புரிந்துவிட்டால் எந்தப் பொடி, எந்த டீ என்ற கேள்வியில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

என்ன நடக்கிறது என்றால், பிசிஓஎஸ் உள்ள பலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. தசைதான் மந்தமாக இருக்கிறதே தவிர, சினைப்பை அப்படி இல்லை. வரும் கூடுதல் இன்சுலினுக்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது. இன்சுலினும் எல்எச் ஹார்மோனும் சேர்ந்து சினைப்பையில் ஆண் ஹார்மோன் தயாரிக்கும் தீகா செல்களை அதிக டெஸ்டோஸ்டிரோன் செய்ய வைக்கின்றன. இன்னொரு பக்கம், டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. உற்பத்தியும் கூடுகிறது, கட்டுப்பாடும் தளர்கிறது. முகத்தில் முடி, பரு, கருமுட்டை முதிராமல் நின்றுபோவது, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் நீண்ட நாளாக அதிகமாக இருப்பதன் அடையாளம்.

அதனால் உங்களுக்கு முக்கியமான ஒரு பரிசோதனை, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இதைத்தான் 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் முதலில் சொல்கிறது. மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் தவறான எண்ணைக் காட்டக்கூடும். வெறும் வயிற்று சர்க்கரை மட்டும் பார்த்தால் ஆரம்பநிலைக் கோளாறு தப்பிவிடும்.

அதே வழிகாட்டுதல், பிசிஓஎஸ்ஸுக்கு இந்த டயட்தான் மற்றதைவிடச் சிறந்தது என்று எதையும் சொல்லவில்லை. மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்தும் கீட்டோவும் இல்லை, பசையம் (குளூட்டன்) நீக்கிய உணவும் இல்லை, பால் நிறுத்துவதும் இல்லை. தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிற எந்த ஆரோக்கியமான உணவுமுறையும் சரிதான். எனக்கு இது பெரிய ஆறுதல். ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் சாம்பார் வைத்துவிட்டு, தனக்கு மட்டும் தனியாக ஏதோ செய்து மூன்று வாரத்தில் சலித்துப்போகும் பெண்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நம் சாப்பாட்டில் இருக்கும் சிக்கல் வேறு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, ஆலையில் அரைத்த மாவு, சர்க்கரை. புரதம் 12 சதவீதம்தான். காலையில் நான்கு இட்லி, சட்னி, மதியம் தட்டு நிறையச் சோறு, தண்ணீராகச் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி தோசை. இதில் எந்தப் பண்டமும் தனியாகக் கெட்டது இல்லை. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால்தான் புரதத்துக்கு இடமே இல்லாமல் போனது தெரியும்.

நீங்கள் சோற்றைவிட்டுக் கஞ்சிக்குப் போனதால் பெரிதாக லாபம் வந்திருக்காது. சிறுதானியத்தை முழுசாகப் பொங்கிச் சாப்பிடுவது வேறு, நைஸாக அரைத்துக் கரைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பது வேறு. அரைத்துக் கூழாக்கினால் மாவுச்சத்து வேகமாகச் செரித்து சர்க்கரையை வேகமாக ஏற்றும். மெல்லும் வேலையும் இல்லாததால் வயிறு நிறைந்த உணர்வும் சீக்கிரம் போய்விடும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய, அதற்காகச் சாப்பிடுங்கள். அடையாக, களியாக, கூடவே கீரையும் முட்டையும் வைத்து. சோறு வேண்டுமானால் புழுங்கலரிசிச் சோறு, அளவோடு. பச்சரிசியைவிட அது பொதுவாக மெதுவாகத்தான் சர்க்கரையை ஏற்றும்.

ஐசிஎம்ஆர் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது உங்களுக்கு 56 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, பெரிய கிண்ணம் தயிரில் 7, நூறு கிராம் மீனில் சுமார் 20. பவுடர் வாங்காமலேயே எட்டிவிடலாம். அசைவம் இல்லாத நாளில் பயறு, பனீர், சோயா, கெட்டியான கூட்டு. சோயா பெண்களின் ஹார்மோனைக் கெடுக்கும் என்று பயப்படத் தேவையில்லை. தைராய்டு மாத்திரை நேரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு சின்ன ஆதாயம் இருக்கிறது. டைப் 2 சர்க்கரை உள்ள 11 பேரை வைத்து நியூயார்க்கில் 2015-ல் ஒரு ஆய்வு நடந்தது. அதே உணவில் காய்கறியையும் புரதத்தையும் முதலில், மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது சர்க்கரையும் இன்சுலினும் குறைவாகவே ஏறின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாத பழக்கம். பொரியலையும் கூட்டையும் முதலில் முடித்துவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்தால் இன்னும் நல்லது. இன்சுலின் சொல்வதைக் கேட்க வேண்டிய பெரிய உறுப்பே தசைதான்.

எடையைப் பொறுத்தவரை 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். உங்களுக்கு அது மூன்றரை கிலோ. அவசரப்பட்டு ஒருவேளைச் சாப்பாடு, ஜூஸ் டயட் என்று போகாதீர்கள். உடம்புக்கு வரும் சக்தி ஒரு அளவுக்குக் கீழே போனால் மூளை எல்எச் துடிப்பைக் குறைத்துவிடும், டி3-யும் இறங்கும். மாதவிடாயை வரவைக்கப் பட்டினி கிடந்து, அதனாலேயே மாதவிடாய் நின்றுபோன பெண்கள் உண்டு. தூக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: 1999-ல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது.

மீதி டப்பாக்களுக்கு வருகிறேன்.

இனோசிட்டாலை விரும்பினால் தொடரலாம். தீங்கு குறைவு, இன்சுலின் பக்கம் கொஞ்சம் நன்மை இருக்கலாம். ஆனால் கருமுட்டை முதிர்வது, முகமுடி, எடை ஆகியவற்றில் பலன் குறைவுதான் என்று அதே 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த வகை, எந்த விகிதம் சிறந்தது என்றும் அது பரிந்துரைக்கவில்லை. டப்பாவில் மயோ, டி-கைரோ என்ற இரு வகை இனோசிட்டாலின் விகிதம் 40:1 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்தில் சுழற்சியில் மாற்றம் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள். தேவைப்பட்டால் டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதுவார்; இடுப்புக் கொழுப்புக்கும் முகமுடிக்கும் இனோசிட்டாலைவிட அதுதான் மேல், வயிற்றுத் தொந்தரவு மட்டும் கூடுதல். நீண்ட நாள் போட்டால் பி12 குறையும், சைவம் என்றால் இன்னும் கவனம்.

வைட்டமின் டி 60,000 வாரம் ஒன்று என்பது பற்றாக்குறையைச் சரிசெய்யும் அளவு. வழக்கமாக 8 வாரம். எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தினக்கணக்கில் அது 8,500 யூனிட்டுக்கு மேல். பாதுகாப்பான உச்சவரம்பு 4,000. விடாமல் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். சர்க்கரையைத் தடுக்குமா என்று 2,423 பேரில் சுமார் பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்த டி2டி ஆய்வில் (2019) உறுதியான பலன் கிடைக்கவில்லை. குறைவு இருந்தால் நிரப்புங்கள், நிரம்பியதும் நிறுத்துங்கள். அளவு பார்ப்பது பயோட்டினை விட்ட பிறகுதான்.

புதினா டீ குடிக்கலாம். இங்கிலாந்தில் 42 பெண்களிடம் 30 நாள் செய்த ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது உண்மை, ஆனால் அளந்து பார்த்ததில் முகமுடி குறையவில்லை. பிடித்தால் குடியுங்கள், மருந்தாக நம்ப வேண்டாம். இப்போது பெர்பெரின் என்று ஒன்று பரவுகிறது, நம் மரமஞ்சளில் இருப்பதும் அதுதான். சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் மற்ற மருந்துகளோடு மோதும், கர்ப்பத்தில் கூடவே கூடாது. உங்கள் திட்டம் தெரிந்தபின் அதைத் தொடவேண்டாம் என்றே சொல்வேன்.

இந்துப்பு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். நம் நாட்டில் சாதாரண உப்பில் அயோடின் சேர்ப்பது முன்கழுத்துக் கழலையை ஒழிக்க. இந்துப்பில் தனியாகச் சேர்க்காவிட்டால் போதுமான அயோடின் கிடையாது. அதோடு கம்பில், தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அயோடின் குறைந்த சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முக்கிய உணவாகக் கொண்டவர்களிடம் கழலை அதிகம் இருந்ததை ஆராய்ந்துதான் இதைக் கண்டார்கள். அயோடின் போதுமான அளவு இருந்தால் கம்பு தொந்தரவில்லை. நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறீர்கள். அயோடின் உப்புக்குத் திரும்புங்கள், அளவு கூட்டாமல். கடல்பாசி மாத்திரை வேண்டாம், அதில் அயோடின் எக்கச்சக்கமாக இருக்கலாம்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிக்கு முன் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். மாத்திரையையும் ஃபில்டர் காபியையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, அளவு போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர். இரும்புச்சத்தும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்பதால், முயற்சிக்கு ஒரு மாதமாவது முன்பே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். உங்களுக்கு அளவு கூட்ட வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். டிஎஸ்எச் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், பொதுவாக 2.5-க்குக் கீழே வைப்பார்கள். கருத்தரித்ததும் தைராய்டு மாத்திரையின் தேவை முதல் சில வாரங்களிலேயே கால் பங்குக்கு மேல் கூடும். அதனால் டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்றே, முதல் ஸ்கேன் வரை காத்திராமல், டாக்டருக்குப் போன் செய்து அளவை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள்.